குதிகால் தரையில் படவில்லை, போடாக்ஸ் போடலாமா?

செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு 3 வயது. 31 வாரத்தில், 1.4 கிலோவில் பிறந்தாள். ஒன்றரை வயதிலும் நிற்கவில்லை, தூக்கினால் கால்கள் கத்தரி மாதிரி பின்னிக்கொள்ளும், எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் பெருமூளை வாதம், ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா (முக்கியமாக இரண்டு கால்களின் தசையும் இறுகிப்போகும் வகை) என்றார்கள். பேச்சு அருமை, புனலூர் பாட்டியிடம் மலையாளத்திலேயே சண்டை போடுவாள்.

14 மாதமாக பிசியோதெரபி, பகலெல்லாம் ஏஎஃப்ஓ ஸ்பிளின்ட் (கணுக்காலை நேராகப் பிடிக்கும் தாங்கி). தசை இறுக்கம் தளர பேக்லோஃபென் மருந்து கொடுத்தோம், எந்நேரமும் தூங்கியதால் டாக்டரே நிறுத்திவிட்டார். வாக்கர் பிடித்துப் பத்தடி நடக்கிறாள், நுனிக்காலில்தான். 4 மாதமாகக் கெண்டைக்கால் இறுக்கம் கூடிவிட்டது.

திருவனந்தபுரத்தில் பார்த்த டாக்டர் போடாக்ஸ் ஊசி போட்டால் மூன்று மாதம் போல இறுக்கம் தளரும், அதற்குள் பயிற்சியைக் கூட்டணும் என்கிறார். இங்குள்ள டாக்டர் முதலில் கெண்டைக்காலை நீட்டி வைக்க மாவுக்கட்டு என்கிறார்.

இந்த வயதில் போடாக்ஸ் போட்ட பிள்ளைகளின் பெற்றோர் சொல்லுங்கள், மருந்தின் வேகம் தீர்ந்த பிறகும் குதிகால் தரையில் பட்டதா?