மஸ்யாப் முற்றுகையைச் சலாவுதீன் கைவிட்டது ஏன்?

கேள்வி (பெருந்துறை): சங்ககிரி மலைக்கோட்டையில் வாசல் வாசலாக ஏறும்போதெல்லாம், சிறு படையைக் கொண்டு ஒரு மலையை எவ்வளவு காலம் காக்க முடியும் என்ற எண்ணம் எழுகிறது. சிரியாவில் ஷியா முஸ்லிம்களின் ஒரு பிரிவான நிசாரி இஸ்மாயிலிகளின் தலைவர் ரஷீதுத்தீன் சினானை 1176இல் மஸ்யாப் கோட்டையில் முற்றுகையிட்ட எகிப்து, சிரியா சுல்தான் சலாவுதீன், அதைப் பிடிக்காமலே திரும்பியது ஏன்? விவரமறிந்த அண்ணன்மார் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (கோபி): தம்பி, அதே ஆண்டு மே மாதம் வட சிரியாவின் அஸாஸ் கோட்டை முற்றுகையின்போது சினானின் ஆட்கள் சலாவுதீனை நெருங்கிக் கத்தியால் தலையில் தாக்கினார்கள், தலைப்பாகைக்குள் இருந்த இரும்பு வலைக்கவசமே அவர் உயிரைக் காத்தது. அதற்குப் பழிவாங்கவே மஸ்யாப் சென்றார். நள்ளிரவில் சலாவுதீனின் படுக்கையருகே சினானின் ஆட்கள் குத்துவாள் வைத்து மிரட்டியதாகச் சொல்லப்படும் கதையை நான் ஏற்கவில்லை. ஹமாவில் இருந்த அவருடைய தாய்மாமன் சமரசம் பேசியதும், லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் சிலுவைப்போர்ப் படையினர் புகுந்ததுமே வலுவான காரணங்கள்.

பதில் (தாராபுரம்): அண்ணன் சொல்வது சரிங்க. கஞ்சா மயக்கத்தில் கொலை செய்தவர்கள் என்று இந்த நிசாரிகளைச் சித்திரிப்பது பெரும் அநியாயம். அக்கால இஸ்மாயிலி நூல்களில் அதற்குச் சான்றே இல்லை. பாஸ்ரா அருகே பிறந்து, ஈரானில் நிசாரிகளின் தலைமைக் கோட்டையான அலமூத்தில் கல்வி கற்ற சினான், பெரும்படை இல்லாத ஒரு சிறுபான்மைச் சமூகத்தைச் சுன்னி அரசர்களுக்கும் சிலுவைப்போர் அரசுகளுக்கும் நடுவே முப்பதாண்டுக் காலம் காத்தவர்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றிங்க. 1192இல் லெபனான் கடற்கரையின் டயர் நகரில், ஜெருசலேம் அரசராகத் தேர்வாகியிருந்த சிலுவைப்போர்த் தலைவர் கான்ராடைக் கொன்றதும் இவர் ஆட்கள்தானா?

பதில் (கோபி): ஆம் தம்பி, துறவி வேடமிட்ட இருவர். ஏவியவர் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டா, சலாவுதீனா என்பதில் அன்றே கருத்து வேறுபாடு இருந்தது.