எங்கட பிளாசாவில கஞ்சாக் கடைக்கு யூனிட் கேட்கினம், சிட்டி மறிக்குமோ?

பிளாசாக்காரன்:
ரொறன்ரோவின்ர ஸ்காபரோப் பக்கத்தில ஒரு பழைய பிளாசாவில எனக்கொரு யூனிட் இருக்கு. கொண்டோ முறையில வாங்கினது, யூனிட் எனக்கு, பொது இடங்கள் எல்லாருக்கும். முந்தி சேலைக்கடை நடந்தது, இப்ப பூட்டிக் கிடக்கு. கஞ்சாக் கடை போட எண்டு ஒரு கொம்பனி லீசுக்குக் கேட்குது. மற்ற ஆக்கள் சொன்னதைவிட வாடகை கூடத் தருகினம். ஆனா மேல்மாடியில பிள்ளையளுக்கு ரியூசன் நடக்குது, பின்தெருவில ஒரு சின்ன பிறைவேற் ஸ்கூலும் இருக்கு. கல்கரியில இரண்டு கஞ்சாக் கடைக்கு நடுவில 300 மீற்றர் இடைவெளி வேணும் எண்டு மச்சான் சொல்லுறார். இஞ்சயும் அப்பிடியோ? சோனிங், அதுதான் எந்த இடத்தில என்ன நடத்தலாம் எண்ட விதி, மாத்தித் தரச்சொல்லி சிட்டியிட்டைக் கேட்க வேணுமோ?

ரண்டு பிள்ளையின்ர அம்மா:
ரியூசனுக்குக் கீழ கஞ்சாக் கடையோ? நல்ல வடிவு. நான் என்ர பிள்ளையை அடுத்த நாளே நிப்பாட்டிப் போடுவன். சிட்டி விடாது, பயப்படாதேங்கோ.

லீஸ் எழுதுறவன்:
சிட்டி விடும் அக்கா. அதுக்கு மறிக்க அதிகாரமே இல்லை. வணிக லீஸ் எழுதுற ஒஃபீசில வேலை செய்யிறன், இந்தக் கேள்வி அடிக்கடி வரும்.

கல்கரிக் கணக்கு அல்பேர்ட்டா மாகாணத்தோட போகட்டும். அங்க நகரசபைக்கு சோனிங் அதிகாரம் இருக்கு. எங்கட ஒன்ராறியோவில மாகாண அரசு 2018-இல கொண்டுவந்த கஞ்சா லைசன்ஸ் சட்டத்திலேயே அந்தக் கதவைச் சாத்திப் போட்டுது. கஞ்சாக் கடையை மற்றக் கடையிலயிருந்து பிரிச்சுப் பார்க்கிற சோனிங் பைலோ (நகரசபைச் சட்டம்) எதையும் நகரசபை போடேலாது. சில்லறை வியாபாரம் நடத்தலாம் எண்டு இருக்கிற யூனிட்டில இதையும் நடத்தலாம். அதாலதான் ரொறன்ரோவில சில தெருவில ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டாக் கடை முளைச்சுது.

இருக்கிறது ஒரேயொரு தூரக் கணக்கு: பள்ளிக்கூடத்திலயிருந்து 150 மீற்றர். இதிலதான் உங்கட பின்தெரு ஸ்கூலை வடிவாப் பார்க்க வேணும். கல்விச் சட்டத்தின்படி அது பிறைவேற் ஸ்கூல் எண்டால் கணக்கில வரும். அந்தக் கட்டடம் முழுக்கவோ பெரும்பகுதியோ ஸ்கூலின்ர கையில எண்டால், காணியின்ர எல்லையில இருந்து அளப்பினம். வேற ஆக்களின்ர கட்டடத்தில இரண்டு அறை எடுத்து நடத்தினால், அந்த அறைகளின்ர எல்லையில இருந்து. சில இடங்களில அந்த வித்தியாசமே தீர்மானிச்சுப் போடும். ரியூசன் பள்ளிக்கூடமில்லை. கோயில், பார்க், டேகெயார் ஒண்டுமே 150-இல வராது. எனக்கு அது சரியாப் படேல்லை, ஆனா சட்டம் அப்பிடி.

விண்ணப்பம் போனால் ஏஜிசிஓ (கஞ்சாக் கடைக்கு லைசன்ஸ் குடுக்கிற மாகாண அமைப்பு) கடை வாசலில அறிவித்தல் ஒட்டச் சொல்லும். 15 நாளுக்குள்ள அந்த நகரத்தில இருக்கிற ஆரும் எழுதிப் போடலாம், நகரசபையும் எழுதலாம். அக்கா, நீங்களும் எழுதலாம். ஆனா "எங்களுக்குப் பிடிக்கேல்லை" எண்டால் எடுபடாது. பொதுச் சுகாதாரம், பாதுகாப்பு, இளம் ஆக்களைக் காப்பாத்திறது, கள்ளச் சந்தையைத் தடுக்கிறது, இதுகளோட சம்பந்தப்பட வேணும்.

ஸ்டீல்ஸுக்கு வடக்க:
கஞ்சாக் கடையே எங்கட நகரத்தில வேண்டாம் எண்டு சொல்ல நகரசபைகளுக்கு மாகாணம் 2019 ஜனவரி 22 வரை தவணை குடுத்தது. எங்கட மார்க்கம் அதுக்குள்ள "வேண்டாம்" எண்டு சொல்லிப் போட்டுது. ரிச்மண்ட் ஹில்லும் அப்பிடித்தான். ஸ்டீல்ஸ் றோட்டைக் கடந்தால் ரொறன்ரோ, அங்க வாங்கலாம்! மிசிசாகாவும் முதல்ல வேண்டாமெண்டு, 2023-இல மனம் மாறினது. "ஓம்" எண்டு சொன்ன நகரம் திரும்பி "இல்லை" எண்டு சொல்லேலாது.

இதில பெரிய கூத்து, கஞ்சா வளர்க்கிற இடத்துக்கு நகரசபை சோனிங் போடலாம். வீட்டுக்கும் கிறீன்ஹவுசுக்கும் இடைவெளி வைக்கச் சொல்லலாம். விக்கிற கடைக்குத்தான் வாய் திறக்கேலாது.

பிளாசாக்காரன்:
அப்ப நான் கையெழுத்து வைக்கலாமோ?

லீஸ் எழுதுறவன்:
பொறுங்கோ. உங்களை மறிக்கக் கூடியது சிட்டியில்லை, உங்கட அலுமாரிக்குள்ள கிடக்கிற பேப்பர்கள். கொண்டோ டெக்ளறேசனை (பிளாசாவின்ர விதிகள் எழுதின பத்திரம்) எடுத்து வாசியுங்கோ, சில பிளாசாவில இன்ன இன்ன வியாபாரம் கூடாது எண்டு இருக்கும். பிறகு மோட்கேஜ் தந்த வங்கியையும் இன்சூரன்ஸ்காரரையும் எழுத்தில கேளுங்கோ.

லீசில, ஏஜிசிஓ அனுமதி வந்தால்தான் ஒப்பந்தம் செல்லும், அனுமதி வராமல் ஒரு கிராமும் விக்கக்கூடாது எண்டு போடுங்கோ. ஏனெண்டால் லைசன்ஸ் இல்லாமல் விக்கிறது தெரிஞ்சும் விட்டால், இடத்தை வாடகைக்கு விட்ட சொந்தக்காரனிலயும் வழக்கு வரும். தனியாளுக்கு 250,000 டொலர் வரைக்கும் தண்டம் இருக்கு. 2019-இல ரொறன்ரோவில சட்டவிரோதக் கடை வாசல்களில சிட்டி கொங்கிறீற் கட்டிகளை இறக்கினது ஞாபகமோ? அதுக்குப் பின்னாலயும் ஒரு கட்டடச் சொந்தக்காரர் இருந்திருப்பார்தானே.

முதல்ல ஒரு சேர்வேயரைக் கொண்டு அந்த 150 மீற்றரை அளப்பியுங்கோ. கொம்பனி தங்கட செலவில செய்யட்டும்.