மறுமொழி: பழைய கார் வேகத்தில் திணறுவது: ‘எரிபொருள் பட்டினி’க்கு மாற்றாக ‘வரத்துக்குறை’

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பழைய கார் வேகத்தில் திணறுவதன் காரணங்களுக்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதில், எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாமல் போவதற்கு ‘எரிபொருள் பட்டினி’ என்ற சொல்லை முன்வைத்த ஐயாவுக்கு நன்றி. பொருள் விளங்குகிறது, ஆனாலும் அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பட்டினி என்றால் ஒன்றுமே இல்லாமல் கிடப்பது. இங்கே எஞ்சினுக்குப் பெட்ரோல் வந்துகொண்டுதான் இருக்கிறது. செலவுக்குத் தக்க வரவில்லை, அதுதான் கோளாறு.

ஒரு பழைய அம்பாசடரையோ பத்மினியையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டுக்குள் நாற்பதில் சொகுசாக ஓடும். பெருந்துறை போய் சேலம்–கோவை நெடுஞ்சாலையில் ஏறி எழுபது, எண்பதில் பிடித்தால் கொஞ்ச தூரம் நன்றாக இழுக்கும், அப்புறம் வெட்டி வெட்டிப் போகும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துச் சற்று விட்டால் மறுபடி இழுக்கும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்ப்பரேட்டரில், பெட்ரோல் தேங்கி நிற்கும் மிதவை அறையில்தான் விஷயம் இருக்கிறது. மெதுவாகப் போகையில் ஏ.சி. பம்பு (டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து அனுப்பும் பம்பு) கொஞ்சமாக அனுப்பினாலே அறை நிறைந்திருக்கும். வேகத்தில் மெயின் ஜெட் என்னும் துளை வழியாக எஞ்சின் உறிஞ்சுவது பம்பு அனுப்புவதை மிஞ்சிவிடும், அறையில் மட்டம் இறங்கும். காலை எடுத்தால் மட்டம் ஏறும்.

இதற்கு நம் பக்கத்தில் சொல் ஏற்கெனவே இருக்கிறது. பவானிசாகருக்கு வரத்து எவ்வளவு, கிணற்றில் வரத்து எப்படி என்று கீழ்பவானிப் பாசனக்காரர்கள் நாள்தோறும் பேசுவதுதான். பட்டறையில் போய் ‘பெட்ரோல் வரத்து கம்மியா இருக்குதுங்க’ என்றால் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. ஆகவே ‘வரத்துக்குறை’ என்பது என் முன்மொழிவு.

இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்தது, கோளாறைத் தேடும் வழியையும் அது காட்டுகிறது. வரத்து என்றதும் டேங்கிலிருந்து தொடங்கத் தோன்றும். டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோலைப் பிடித்துக்கொள்ளும். திணறும்போது நிறுத்தி மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று இழுக்கும், அதன்பின் வண்டி சரியாகப் போகும். அது இல்லையென்றால் டேங்கின் துரு, பில்டர், பம்பின் டயபிரம், மிதவை அறையின் ஊசி வால்வு என்று வரிசையாகப் பார்க்கலாம். பம்பைச் சோதிக்க, எஞ்சின் ஆறிய பிறகு, அது ஸ்டார்ட் ஆகாமலிருக்கக் காயில் வயரை எடுத்துவிட்டு, கார்ப்பரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டுச் செல்ஃப் அடியுங்கள். விட்டுவிட்டு, ஆனால் திடமாகப் பீச்ச வேண்டும். குமிழி குமிழியாக வந்தால் பம்புக்கு முன்னால் எங்கோ காற்றை இழுக்கிறது.

எல்லாவற்றுக்கும் ‘அதிவேகத் திணறல்’ என்ற ஒரே சொல் போதாதா என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். அறிகுறியின் பெயராக அதை வைத்துக்கொள்ளலாம், நல்ல சொல். காரணங்களுக்குத் தனித்தனிச் சொற்கள் வேண்டும். இல்லையென்றால், சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பகிர்ந்து கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கிற கோளாறுக்குக் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருப்போம். இது பல பட்டறைகளில் நடக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இரண்டு எடைகள் வேகம் கூடக்கூட விலகி, பொறியை முன்கூட்டி விழவைக்க வேண்டும். துருவேறி அவை இறுகிவிட்டால் வெட்டல் இருக்காது. வண்டி சோம்பலாக இழுக்கும், எஞ்சினும் சூடேறும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு, பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்து எஞ்சினை முறுக்கிப் பார்த்தால் புல்லியின் குறி நகர வேண்டும். நகராவிட்டால் எடைகள்தான். பொறி முன்கூட்டி விழுவதற்குப் ‘பொறிமுந்தல்’ என்றும், அது நடக்காத கோளாறுக்குப் ‘பொறிமுந்தாமை’ என்றும் சொல்லலாமா?

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் பாயிண்ட்டின் ஸ்பிரிங் தளர்ந்தாலும் வேகத்தில்தான் தெரியும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றும்போது பாயிண்ட் 8000 முறை திறந்து மூடுகிறது. தளர்ந்த ஸ்பிரிங்கால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது, பாயிண்ட் துள்ளும், பொறி விட்டுப்போகும். ‘பாயிண்ட் துள்ளல்’ என்றே வைக்கலாம். பாயிண்ட்டுக்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம் என்பது என் கருத்து. பட்டறையில் புழங்காத சொல்லை எழுதி என்ன பயன்?

சைலன்சர் உள்ளே உடைந்து அடைத்துக்கொள்வதற்குப் ‘புகையடைப்பு’. இதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

சொற்பட்டியலில் சேர்க்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் பார்க்கும் முன், ஒருவரை ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லி, கார்ப்பரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் திராட்டில் தகடு முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் அணைந்திருக்கும்போது. கேபிள் தளர்ந்தோ, மிதிக்குக் கீழே மிதியடி சுருண்டோ கிடந்தால் எந்தக் காரும் வேகம் போகாது.

எனக்கு முடிவு தெரியாமல் நிற்பது ஒரு சொல்தான். சித்திரை வெயிலில் குழாய்க்குள் பெட்ரோல் கொதித்து ஆவியாகி வழியை அடைப்பதற்கு எல்லாரும் ‘ஏர் லாக்’ என்கிறார்கள். பம்பு செட் ஓட்டுகிற ஊரில் அந்தச் சொல் மோட்டாருக்குள் காற்று புகுவதற்குத்தான் பழகியிருக்கிறது. இங்கே காற்று எதுவும் புகவில்லை, பெட்ரோலே ஆவியாகிறது. ‘ஆவியடைப்பு’ என்று எழுதியிருக்கிறேன். இதைவிட வாய்க்கு இலகுவாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வரத்துக்குறையின் கீழேயே சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
ஈரோட்டிலிருந்து