மின்சாரம் நின்றால் பழைய சிறுகணினியின் நிரல் என்னவாகும்?

கொட்டகலை ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். நான் கொட்டகலைக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் உயர்தர மாணவர்களுக்குக் கணினிப் பாடம் கற்பிக்கிறேன். சென்ற வாரம் மழையில் மின்சாரம் நின்று, சேமிக்காத வேலையெல்லாம் அழிந்துபோனபோது, மாணவி ஒருத்தி, "வன்தட்டு இல்லாத காலத்துக் கணினிகளில் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார்களா, டீச்சர்?" என்று கேட்டாள். 1965இல் வெளிவந்த பிடிபி-8 (PDP-8) என்ற கணினியை எடுத்துக்காட்டாக வைத்து அவளுக்கு விளக்க விரும்புகிறேன். அதுதான் முதலாவது சிறுகணினியா என்பதையும், திரையில்லாத அந்தப் பொறிக்குள் முதல் நிரல் எவ்வாறு சென்றது என்பதையும் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

தலவாக்கலை மின்னியலாளர்:
வணக்கம் டீச்சர். மின்சாரம் நின்றாலும் நிரல் அழியாது. பிடிபி-8இன் நினைவகம் கடுகளவு காந்த வளையங்களால் ஆனது. ஒரு வளையம் ஒரு பிட்டை, அதாவது 0 அல்லது 1ஐ, தாங்கும். குறுக்கே 64 கம்பிகளும் நெடுக்கே 64 கம்பிகளும் கொண்ட தளத்தில் 4,096 வளையங்கள். அத்தகைய 12 தளங்களைச் சேர்த்தால் 49,152 வளையங்கள், அதாவது 12 பிட் சொற்கள் (கணினி ஒரே தடவையில் கையாளும் அலகுகள்) 4,096. இன்றைய கணக்கில் வெறும் 6 கிலோபைட்டு. தேயிலைத் தொழிற்சாலைச் சல்லடையைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் அதன் கம்பிகள் சந்திக்கும் இடந்தோறும் ஒரு வளையம் கோக்கப்பட்டிருப்பதாகச் சொல்லுங்கள், உடனே பிடிபடும். தேவையான மின்னோட்டத்தில் பாதியை ஒரு கம்பியிலும் மறுபாதியை அதைக் குறுக்கிடும் கம்பியிலும் செலுத்தினால், இரண்டும் சந்திக்கும் வளையம் மட்டுமே திசை மாறும். மாறிய காந்தத் திசை மின்சாரமின்றியும் அப்படியே நிற்கும்.

பண்டாரவளை வாசகர்:
முதலாவது எது என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு. பிடிபி-8ஐத் தயாரித்த டிஇசி (DEC) நிறுவனத்தின் பிடிபி-5, 12 பிட் பொறியாக 1963இலேயே வந்துவிட்டது. அதற்கும் முன்னர், 1962இல், வெஸ்லி கிளார்க் ஆய்வுகூடப் பயன்பாட்டுக்காக லிங்க் கணினியை உருவாக்கியிருந்தார். ஆயினும் 18,000 டொலருக்குக் கிடைத்த பிடிபி-8தான், கணினியைத் தனி அறையிலிருந்து வெளியே கொண்டுவந்து ஆய்வுகூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பரப்பியது. ஆகவே "முதலாவது" என்பதைவிடப் "பரவலாக விற்ற முதலாவது" என்று கற்பிப்பதே நேர்மையானது என்பேன்.

நிரலேற்றத்தைக் கேட்டீர்கள். முகப்புப் பலகையில் 12 ஆளிகள் மும்மூன்றாக நின்றதால், ஒவ்வொரு மூன்றும் ஓர் எண்ம இலக்கமாகும் (0 முதல் 7 வரை). "நிறுத்து" என்ற அறிவுறுத்தல் எண்ம முறையில் 7402. முதல் நான்கு ஆளிகளையும் பதினோராவதையும் மேலே தள்ளி, பதியும் விசையை அழுத்தினால் அது நினைவகத்தில் அமரும். இவ்வாறு இருபதுக்கும் குறைவான சொற்களைக் கையால் பதிந்தால் மற்ற நிரல்களை நினைவகத்தில் ஏற்றும் ஒரு சிறு நிரல், அதாவது ஏற்றி, தயாராகும். மீதியை அது துளையிட்ட காகித நாடாவிலிருந்து படித்துக்கொள்ளும். நாடாவைப் படிக்கும் தட்டச்சு போன்ற டெலிடைப் பொறி வினாடிக்குப் பத்து எழுத்துகளே படித்ததால், நீண்ட நாடாவுக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். வளையங்கள் மறக்காதிருந்தது அதனால்தான் அத்தனை பெரிய வசதியாயிற்று.

கொட்டகலை ஆசிரியை:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மணிகளையும் நூலையும் கொண்டு வகுப்பில் ஒரு தளம் செய்யப்போகிறோம். அப்படியானால், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றாலும் எதுவும் இழக்கப்படாதா?

தலவாக்கலை மின்னியலாளர்:
இழப்பு உண்டு, டீச்சர். ஒரு வளையத்தைப் படிப்பது என்றால் அதைப் பூச்சியத்தின் பக்கம் திருப்பிப் பார்ப்பது. படித்த சொல்லை அதே படிப்பு-எழுத்துச் சுழற்சியில் மீண்டும் எழுதியாக வேண்டும். சுழற்சி முழுவதும் 1.5 மைக்ரோவினாடிதான் என்றாலும், இடையில் மின்சாரம் அறுந்தால் அந்த ஒரு சொல் கெடலாம். கூட்டல் நடக்கும் பதிவகமோ திரான்சிஸ்டர்களால் ஆனது. அதிலிருப்பது நிச்சயமாகப் போய்விடும். இதற்கென மின்னழுத்தம் இறங்குவதை முன்கூட்டியே உணரும் துணைச்சுற்று ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். மின்சாரம் முற்றாக அணைவதற்குள் பதிவகத்திலுள்ளதை வளையங்களுக்கு மாற்றும் அவகாசத்தை அது நிரலுக்குக் கொடுத்தது.