ஜிமேட் கணிதப் பகுதி: ஆயத்தமானவர்களின் அனுபவங்கள்

பொறியியல் படித்தவருக்கு, மேலாண்மை மேற்படிப்புச் சேர்க்கைக்கு எழுதும் ஜிமேட் தேர்வின் கணிதப் பகுதி ஒரு பொருட்டே அல்ல என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் நானும் ஆயத்தப் பணியில் இறங்கினேன். பாடத்திட்டத்தைப் பார்த்தால் அந்தப் பேச்சு உண்மை போலவே தோன்றும். நுண்கணிதம் இல்லை, முக்கோணவியல் இல்லை. எண்களின் பண்புகள், விகிதம், சதவீதம், சமன்பாடு, நிகழ்தகவு என்று பள்ளியோடு விடைபெற்ற பாடங்களே மொத்தமும். 2023 நவம்பரில் அறிமுகமான புதிய வடிவத்தில் முக்கோணம், வட்டம் சார்ந்த வடிவியல் வினாக்களும் போய்விட்டன. (பழைய பயிற்சி நூல்களை இரவல் வாங்கிப் படிப்போர் இதைக் கவனிக்காமல் வடிவியலில் வாரக்கணக்கில் மூழ்குவதைப் பார்த்திருக்கிறேன்.) எஞ்சியிருப்பது 21 வினாக்களும் 45 நிமிடங்களும்தான், கால்குலேட்டர் கிடையாது. வினா ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நேரம் மட்டும் கிடைப்பதால், கணக்கைச் செய்யத் தெரிந்தவர்கூட எந்தக் கணக்கைச் செய்யாமலே விடலாம் என்பதைத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். ஒரு முழு எண்ணை 8 ஆல் வகுத்தால் மீதி 5 வருகிறது. அதன் வர்க்கத்தை 8 ஆல் வகுத்தால் மீதி என்ன? படிக்குப் படி மதிப்பெண் பெற்று வளர்ந்த என் போன்றோரின் கை, உடனே அந்த எண்ணை எட்டின் மடங்கு கூட்டல் ஐந்து என்று எழுதி, வர்க்கத்தை விரித்து, ஒவ்வோர் உறுப்பாக வகுக்கப் புறப்பட்டுவிடும். விடை சரியாகவே வரும். ஆனால் அந்த எண் 5 ஆகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று வைத்துக்கொண்டால், வர்க்கம் 25, மீதி 1, வேலை முடிந்தது. ஐயம் இருந்தால் 13 ஐ எடுத்து, 169 இலிருந்து 168 ஐக் கழித்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். திரையில் ஐந்து விடைகள் தயாராக இருக்கின்றன, நம் வழிமுறையைப் படித்துப் பார்க்க எவரும் இல்லை என்பதைக் கை ஏற்றுக்கொள்வதற்குத்தான் எனக்கு நெடுங்காலம் பிடித்தது. சூத்திரங்களை நினைவுக்குக் கொண்டுவர அவ்வளவு காலம் ஆகவில்லை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. எது கட்டாயம் உண்மை என்று வினா கேட்டால், எண்ணைப் பொருத்திப் பார்ப்பது தவறான விடைகளை வெட்டித் தள்ள மட்டுமே உதவும். அப்போதும் 2, 3 போன்ற சாதுவான எண்களோடு நின்றுவிடாமல், சுழி, ஒன்று, குறை எண், பின்னம் ஆகியவற்றையும் பொருத்திப் பார்த்தாக வேண்டும். வினாவை எழுதுகிறவர்கள் பொறியை வைப்பது பெரும்பாலும் அங்கேதான்.

*

மேலே எழுதிய நண்பரின் சிக்கல் எனக்கு வர வழியே இல்லை, ஏனெனில் பள்ளிக்குப் பின் கணிதத்தை நான் தொட்டதே கிடையாது. என்னைப் போன்றவர்கள் நேராக மாதிரித் தேர்வுகளில் குதிப்பதில் பயனில்லை என்றே கருதுகிறேன். நான் முதலில் பின்னங்களுக்கும் சதவீதங்களுக்கும் இடையே தடையின்றிப் போய்வரப் பழகினேன். விலையை 25 சதவீதம் உயர்த்தியபின் பழைய விலைக்கே திரும்ப எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும் என்ற வினாவில், உயர்வை ஐந்தில் நான்கின் தலைகீழாக, அதாவது நான்கில் ஐந்தாகப் பார்க்கத் தெரிந்தவருக்கு 20 சதவீதம் என்ற விடை எழுதுகோலை எடுக்கும் முன்பே வந்துவிடும். 64 இன் 37.5 சதவீதத்தை எட்டில் மூன்று பங்காகப் பார்ப்பவர் 24 என்று உடனே சொல்லிவிடுவார். கால்குலேட்டர் இல்லாத தேர்வில் இந்தச் சரளம்தான் நேரத்தை மிச்சப்படுத்தித் தருகிறது.

கொடுக்கப்பட்ட இரண்டு கூற்றுகள் விடை காணப் போதுமா என்று மட்டும் கேட்கும் டேட்டா சஃபிஷியன்சி வினாக்கள் இப்போது கணிதப் பகுதியில் இல்லை, தரவுகளை ஆராயும் டேட்டா இன்சைட்ஸ் என்ற தனிப் பகுதிக்குப் போய்விட்டன. ஆயினும் கணிதத்துக்கு ஆயத்தமாகும்போதே அவற்றையும் சேர்த்துப் பழகியது எனக்கு மிகவும் உதவியது. ஓர் எண் மிகை எண்ணா என்று வினா கேட்கிறது என்று கொள்வோம். அதன் வர்க்கம் அவ்வெண்ணைவிடப் பெரியது என்பது முதல் கூற்று. அதன் கனம் அவ்வெண்ணைவிடப் பெரியது என்பது இரண்டாம் கூற்று. 2 என்ற எண் இரண்டு கூற்றுகளுக்கும் பொருந்துகிறது. குறை அரை என்ற எண்ணும், வர்க்கம் கால், கனம் குறை அரைக்கால் என்று ஆவதால், இரண்டுக்கும் பொருந்துகிறது. ஆகவே இரண்டையும் சேர்த்தாலும் விடை காண இயலாது. ஆனால் வினாவின் தொடக்கத்தில் அது ஒரு முழு எண் என்ற குறிப்பு மட்டும் இருந்திருந்தால், இரண்டாம் கூற்று ஒன்றே போதுமானதாகிவிடும், ஏனெனில் அப்போது 2 அல்லது அதற்கு மேற்பட்ட எண்களே மிஞ்சும். "முழு எண்" என்ற ஒரே சொல் விடையையே மாற்றிவிடுகிறது. அதன்பின் எந்த வினாவைப் படித்தாலும், எண்களின் வகை குறித்த சொல் இருக்கிறதா என்று தேடி அடிக்கோடிட்டுக்கொள்வதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

தவறான விடைகளுக்கென்று ஒரு பதிவேடு வைக்கச் சொல்லாதவர் எவரும் இல்லை. அதில் பாடத்தின் பெயரை எழுதுவதைவிட, வினாவைத் தவறாகப் படித்தேனா, வழி தெரியவில்லையா, வழி தெரிந்தும் கணக்கில் சறுக்கினேனா என்ற காரணத்தை எழுதுவதே பயன் தருகிறது. தீர்வைப் படிக்கும்போது எல்லாமே எளிதாகத்தான் தோன்றும். சில நாள்கள் கழித்துத் தீர்வை மூடிவைத்துவிட்டு அதே வினாவை மீண்டும் செய்து பார்த்தால்தான் உண்மை நிலை தெரியும்.

*

தேர்வு நேரத்தைப் பற்றி மட்டும் நான் சிறிது சேர்க்கிறேன். இத்தேர்வில் நாம் அளிக்கும் விடைகளைப் பொறுத்தே அடுத்த வினாவின் கடினம் அமைகிறது என்பதை அறிந்தவர்களுள் பலர், சற்று எளிதான வினா வந்துவிட்டால் முந்தையது தவறாகிவிட்டது போலும் என்று மனம் கலங்குவார்கள். ஒரு வினா நமக்கு எளிதாகத் தோன்றுவதற்கு அந்தப் பாடம் நமக்கு நன்றாகத் தெரிந்திருப்பதும் காரணமாக இருக்கலாம் என்பதால், அந்த ஆராய்ச்சியில் செலவிடும் ஒவ்வொரு நொடியும் வீண்.

புதிய வடிவத்தில் வினாக்களைக் குறித்துவைத்து, பகுதியின் இறுதியில் நேரம் மிஞ்சினால் திரும்பிப் பார்த்து, மூன்று விடைகள் வரை மாற்றிக்கொள்ளலாம். இந்த வசதியை நம்பிக் கடினமான வினாவையெல்லாம் குறித்துவைத்தால், கடைசியில் எதற்குத் திரும்புவது என்று தேர்ந்தெடுப்பதற்கே நேரம் போய்விடும். நான் மாதிரித் தேர்வுகளில் பழகிக்கொண்ட முறை வேறு: இரண்டு விடைகள் வரை சுருக்கிவிட்ட வினாக்களை மட்டுமே குறித்துவைப்பேன், அடியோடு புரியாதவற்றுக்கு ஏதேனும் ஒரு விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, குறிக்காமலே கடந்துவிடுவேன். வினாக்களை முடிக்காமல் விட்டால் மதிப்பெண் குறையும் என்பதால், விடையளிக்காமல் எதையும் விடக்கூடாது. இவற்றைப் பழகிக்கொள்ள, தேர்வை நடத்தும் ஜிமேக் அமைப்பு இலவசமாகத் தரும் இரண்டு முழு மாதிரித் தேர்வுகளே மிகப் பொருத்தமானவை. அவற்றைத் தொடக்கத்திலேயே செலவழித்துவிடாமல், ஒன்றையேனும் தேர்வுக்கு நெருங்கிய நாள்களுக்கென்று எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.