புதுப்பிப்பு: மூழ்கிய கப்பல் பார்க்கும் பயணம்

அட்டனிலிருந்து கூட்டாகப் போய், படகு பிடித்து, மட்டக்களப்புப் பக்கம் மூழ்கிய கப்பல்களைச் சுழியோடிப் பார்க்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது முடிவாகிவிட்டது.

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் வேண்டாம். அது ஏறக்குறைய 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடலின் எல்லை 40தான். அதே நாளில் மூழ்கிய ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற எண்ணெய்க் கப்பலுக்குப் போகிறோம், ஆழம் 24 மீற்றர் அளவில். பாசிக்குடாவில் படகு.

அப்புறம், நம் மலைநாட்டு ஆட்களுக்கு இதுதான் முக்கியம்: சுழியோடிவிட்டு அன்றே வீட்டுக்கு மலையேறக் கூடாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் உயரத்தில் குமிழாகிவிடும். நுவரெலியா 1,868 மீற்றர், சும்மா இல்லை. விமானப் பயணத்துக்குச் சொல்லும் விதியையே எடுத்துக்கொண்டோம்: பல முறை இறங்கினால் குறைந்தது 18 மணித்தியாலம் கரையில் தங்க வேண்டும். வான்காரரை மறுநாள் பிற்பகல் வரச் சொல்லியாச்சு.