ஞாயிறு இணைய வகுப்புக்குப் பாடம் எடுக்க பிசியோதெரபிஸ்ட்கள் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். உசிலம்பட்டி, மேலூர், பேரையூர் பக்கம் தனியாக கிளினிக் நடத்தும் இளம் பிசியோக்களுக்காக ஞாயிறு இரவு ஜூமில் இலவச வகுப்பு தொடங்குகிறோம். படித்து முடித்து ஊருக்குப் போய்விட்டால், சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஒரு சீனியர் கூட இருப்பதில்லை. 2008-ல் தொடங்கிய பிசியோபீடியா என்ற இணையப் பிசியோதெரபி கலைக்களஞ்சியத்தைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் எழுதி வளர்க்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் நம் வீடுகளில் நடப்பதை வைத்துத் தமிழில் பேசும் பாடமும் வேண்டும்.

பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து எழுப்ப, வீட்டார் விளங்காத கையைப் பிடித்து இழுப்பார்கள். தோள் மூட்டு இறங்கி, வலி மாதக்கணக்கில் படுத்தும். ஒருக்களித்துத் திருப்பி, தோள்பட்டைக்குப் பின்னால் கைகொடுத்து எழுப்பணும் என்று வீட்டாருக்கு எப்படிப் புரியவைப்பது? முதல் வகுப்பே இதுதான்.

நரம்பியல், குழந்தைகள் பிசியோதெரபியில் அனுபவமுள்ள அண்ணன்மார், அக்காமார் மாதம் ஒரு மணி நேரம் தந்தால் போதும். சன்மானம் தர வழியில்லை. வீடியோ எடிட் செய்யத் தெரிந்தவர்களும் வேண்டும். அவர்கள் பிசியோவாக இருக்க வேண்டியதில்லை. நோயாளி வீடியோ காட்டுவதென்றால் அவர் சம்மதம் கட்டாயம், முகம் தெரியக் கூடாது.

விருப்பமுள்ளவர்கள் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்புங்கள். எந்த ஞாயிறு தோது என்பதையும் சொல்லிவிடுங்கள்.